டீச்சர் வீட்டுலயே நடந்தது

ஜூன் 14, சனி

கொழும்பிலிருந்து பெரோஸா மேடம் வந்து எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விழிப்புணர்வு ஊட்டிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் தொடங்கி புரியாணி வரும்வரை ஊட்டினார். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: ‘பெண் பிள்ளைகளின் ஆரோக்கியம் நம் அனைவரின் பொறுப்பு.’ எந்த ஆரோக்கியம், என்ன பொறுப்பு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். ‘அந்த விடயம்’ என்றார். ‘அந்த நடைமுறை’ என்றார். ‘உங்களுக்கே விளங்கும்தானே’ என்று சிரித்தார். மண்டபம் முழுக்க விளங்கியது போலத் தலையாட்டியது. கையில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தின் அட்டையில் ஒரு தாமரைப் பூ. உள்ளே இருக்கும் தமிழை எழுதியவர் என் எட்டாம் வகுப்பில் இருந்திருந்தால் வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியிருப்பேன்.

மேடம் சொல்லக் கூசியதை நானே எழுதிவிடுகிறேன். பெண் குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் ஒஸ்தா மாமி என்று ஒருத்தி வீட்டுக்கு வருவாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையின் பெண்ணுறுப்பில் பிளேடு வைத்து வெட்டுவாள். பிறகு அரிசி, தேங்காய், சேலை எல்லாம் வாங்கிக்கொண்டு போவாள். சுன்னத்து என்று பெயர். ஆண் பிள்ளைக்கென்றால் பந்தல் போட்டு ஊரைக் கூட்டுவார்கள். பெண் பிள்ளைக்கு நடப்பது ஊரில் பாதி ஆண்களுக்குத் தெரியாது. பெண்களில் தெரியாதவள் கிடையாது, வாய் திறந்தவளும் கிடையாது. மார்க்கத்தில் இது உண்டென்று ஒரு ஹஸ்ரத், இல்லையென்று இன்னொரு ஹஸ்ரத். அவர்கள் பேசி முடிப்பதற்குள் இன்னும் நூறு குழந்தைகளுக்கு நாற்பதாம் நாள் வந்துவிடும்.

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்றுமில்லை. மேடை போட்டு விட்டு விஷயத்தைச் சொல்லாமல் போகிறவர்களைக் கண்டால் எரிச்சல், அவ்வளவுதான்.

வேடிக்கை கடைசியில்தான் நடந்தது. பங்குபற்றியவர்களுக்குச் சான்றிதழ். ஜெஸீமா டீச்சரின் கையெழுத்து அழகாம், ஆகவே எல்லாப் பெயரையும் நானே எழுத வேண்டுமாம். எழுதிக்கொண்டே வந்தேன். வரிசையின் முடிவில் வெற்றிலைச் சிவப்போடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள் ஆசியத்தும்மா. எங்கள் ஊர் ஒஸ்தா மாமியேதான்! பெண் குழந்தைகளின் ஆரோக்கியம் என்று அழைப்பு வந்தால் தன்னை விட்டால் வேறு யார் போவது என்று நினைத்திருக்கிறாள். முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியவளும் அவள்தான். அவள் யாரென்று மேடத்துக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் பெயரை இன்னும் கொஞ்சம் சுழித்து அழகாக எழுதிக் கொடுத்தேன். வீடு வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தங்கை றினோஸா பிள்ளை பெற்றதிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறேன். உம்மா மௌத்தாகி இப்போது இல்லாததால் பத்தியக் கறி, துணி துவைப்பு, சாம்பிராணி எல்லாம் மூத்தவள் தலையில். அவள் மாப்பிள்ளை முபீஸ் கட்டாரில் இருந்துகொண்டு வீடியோ கோலில் மகளுக்கு முத்தம் கொடுக்கிறான். அந்த முத்தத்தில் பிள்ளை நனைத்த ஒரு சாணைத் துணியாவது துவைபடுமா?

குழந்தைக்கு ஹூரியா என்று பெயர். மூக்கு மட்டும் எங்கள் வாப்பாவின் மூக்கு, பாவம்.

ஜூன் 17, செவ்வாய்

பால்மா தீர்ந்து இன்றோடு மூன்று நாள். கடையிலும் இல்லை. பிளேன்டீதான்.

துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் ஓர் உதவி இலக்கம் போட்டிருக்கிறார்கள். ‘தமிழில் உரையாடலாம்’ என்று வேறு பெருமை. உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்தேன். முதல் தடவை சிங்களத்தில் ஒரு குரல், அதன் பிறகு தமிழுக்கு இரண்டை அழுத்து என்றது, அழுத்தினால் மணி அடித்து ஓய்ந்தது. நான் நினைத்தது சரி. மனதைத் திருப்திப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை எடுத்தேன். இந்த முறை எடுத்துவிட்டார்கள்.

“வணக்கம், நான் தர்மினி பேசுறேன். பேர் சொல்லணும்னு இல்லைங்க. மெதுவா பேசுங்க.”

மலையகப் பக்கத்துப் பிள்ளை போலிருக்கிறது. சின்னக் குரல். எனக்குத் தெரிந்த தோழி ஒருத்தி, அவளுக்குக் குழந்தையில் இது செய்திருக்கிறது, அவள் சார்பாக விவரம் கேட்கிறேன் என்றேன். இப்படி எடுப்பவர்கள் எல்லோரும் தோழிக்காகத்தான் எடுப்பார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். நினைத்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கு ஆபத்து என்ன என்று கேட்டால் இரத்தப்போக்கு, கிருமி, சிறுநீர்த் தொல்லை என்று வரிசையாகச் சொல்லும், நான் குறை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“உங்க தோழிக்கு இப்பவும் வலி இருக்குங்களா?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

சான்றிதழ் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது.

ஆசியத்தும்மா அதை லேமினேட் பண்ணி முன் அறையில் மாட்டியிருக்கிறாளாம். கொழும்பு மிஸ்மார் வந்து பயிற்சி கொடுத்து எழுதிக் கொடுத்தது என்று பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாளாம். இதை எனக்குச் சொன்னவள் றினோஸா. முகத்தில் நிம்மதி பொங்கச் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை.

பிள்ளை பிறந்ததிலிருந்தே அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஒஸ்தா மாமியின் பிளேடு துருப்பிடித்திருக்குமோ என்று. பட்டதாரி அல்லவா, பயம்கூட விஞ்ஞான முறைப்படிதான். ஒரு லேடி டொக்டரிடம் கேட்டுப் பார்த்தாள். செய்ய மாட்டேன், செய்யவும் கூடாதென்று சுகாதார அமைச்சே சொல்லியிருக்கிறது என்று அந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அதோடு விடுவாள் என்று பார்த்தேன். இப்போது சொல்கிறாள்:

“ராத்தா, இப்ப பயம் இல்ல. மாமிக்கிட்ட செட்டிபிக்கட் இரிக்கி.”

“அது என்ன செட்டிபிக்கட் எண்டு வாசிச்சியா?”

“நீங்கதானே பேர எழுதின!”

இந்தக் கழுதைக்கு விஞ்ஞானப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தை என்ன சொல்வது! சோற்றைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

பெரோஸா மேடத்துக்குப் போன் எடுத்தேன். நீங்கள் சான்றிதழ் கொடுத்தவர்களில் ஒருத்தி அந்த விடயத்தைச் செய்கிற ஒஸ்தா மாமி, அதைச் சுவரில் மாட்டி வைத்துத் தொழில் நடத்துகிறாள் என்றேன்.

“அப்படியா டீச்சர்? சோ சேட். ஆனா ரிப்போர்ட் எல்லாம் அனுப்பியாச்சே.”

“ரிப்போர்ட்டத் திருப்பி எடுக்கச் சொல்லல்ல. ஒருக்கா வந்து, இது வெட்டுறதுக்கான பயிற்சி இல்ல, வெட்டக் கூடாதெண்ட பயிற்சி எண்டு ஊருக்குச் சொல்லுங்க.”

“நாங்க கலாசார ரீதியா சென்சிட்டிவா இருக்கணும் டீச்சர். அப்படி நேரடியா சொன்னா மக்கள் மனசு புண்படும்.”

மனம் புண்படுமாம். புண்படுவதைப் பற்றி இவர்களுக்கு அவ்வளவு தெரியும். சரி மேடம் என்று வைத்தேன். அவர்கள் பேஸ்புக் பக்கத்தில் போட்டோ போட்டிருக்கிறார்கள், பார்த்தேன். நடுவில் ஆசியத்தும்மா, மேடம் அவள் தோளில் கை போட்டிருக்கிறார். இதயக் குறிகள் ஏராளம்.

ஜூன் 24, செவ்வாய்

அந்த இலக்கத்துக்குத் திரும்ப எடுத்தேன். போன தடவை பாதியில் வைத்தது மரியாதையில்லை என்பதற்காக.

“சொல்லுங்க டீச்சர்,” என்றாள் தர்மினி. நான் டீச்சரென்று சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

“அன்னைக்கு நான் பேசுனதையே மூணு தடவ திருத்துனீங்களே.”

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. தோழியின் விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் முடித்திருந்தாள், அது நிலைக்கவில்லை, பெரிய காரணம் ஒன்றுமில்லை. சிறுநீர் போகும்போது எரிச்சல் சிறு வயதிலிருந்தே உண்டு, அதற்கு இளநீர் குடிக்கச் சொல்லியே வளர்த்தார்கள். மற்றதும் கஷ்டம்தான். ஆனால் அவள் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிற ஆளில்லை என்றும் சொன்னேன்.

“அவங்க பேர்ல குத்தம் ஒன்னும் இல்ல டீச்சர். தழும்பால இருக்கலாம், உடம்பு பயந்து இறுகிக்கிறதாலயும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. அவங்க தனியா போக வேண்டியதில்ல. பெண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக எங்க ஆள் ஒருத்தவங்க வருவாங்க. வெளிய யாருக்கும் தெரியாது.”

“அவளுக்கு முப்பத்தெட்டு வயசு. இனி வைத்தியம் செய்து என்ன செய்ய?”

“வலி இல்லாம இருக்கலாமே டீச்சர்.”

என்ன பதில் இது? சின்னப் பிள்ளைத்தனமான பதில். தோழியிடம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜவாஹிரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நல்ல மனிதன் என்று ஊரே சொன்னது. நல்ல மனிதன்தான். சேர்ந்திருந்த ஒரு வருஷமும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். மன்னிப்புக் கேட்கிற ஆம்பிளையைப் போல எரிச்சல் மூட்டுகிற பிராணி உலகத்தில் இல்லை. காதி நீதிமன்றத்தில் காரணம் கேட்டார்கள். ஒத்துவரவில்லை என்றான். ஒத்துவரவில்லை என்றேன். இப்போது அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

ஜூன் 28, சனி

முபீஸின் உம்மா வந்திருந்தார். வட்டிலப்பம், குழந்தைக்கு வளையல், எனக்குப் புத்திமதி. வருகிற சனிக்கிழமை நாற்பது, எல்லோரையும் சொல்லியாயிற்று.

“உம்மா இல்லாத வீடு, மூத்தவ நீங்கதான் போய் ஒஸ்தா மாமிய அழைக்கோணும் மகள். நான் போனா முறையில்ல.”

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான், ஆகவே பேரப்பிள்ளைக்குச் செய்வதெல்லாம் பெண் வீட்டார் கடமை. மாமியார்மாருக்கு அதிகாரம் இல்லை என்று பீற்றிக்கொள்வோம். அதிகாரம் எதற்கு? வட்டிலப்பத்தோடு வந்து உட்கார்ந்தால் போதாதா?

போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பர்தாவைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். சந்தைக்குப் போய்க் கீரைமீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒஸ்தா மாமி வீட்டில் இல்லை என்று சொன்னேன். பிறகு பார்த்தால் முபீஸின் உம்மா தானே போன் எடுத்து அழைத்துவிட்டார். முறை எல்லாம் போன் இல்லாத காலத்தோடு போயிற்று.

ஜூலை 1, செவ்வாய்

றிப்கா வந்தாள். என்னிடம் படித்தவள். சாதாரண தரத்தில் தமிழுக்கு ஏ எடுத்துவிட்டு அடுத்த வருஷமே கல்யாணம் முடித்த புத்திசாலி. அவளுக்கும் பெண் குழந்தை, எங்கள் ஹூரியாவுக்கு ஒரு கிழமை இளையது. கையில் குழந்தையோடு வாசலில் நின்றபடியே பேசினாள்.

“டீச்சர், சனிக்கிழம உங்கட வீட்டுல செய்யிறயா?”

“ஏன்?”

“எனக்கு மனசில்ல டீச்சர். புள்ள துடிக்கும். ஆனா எங்கட மாமிக்கிட்ட, அவர்ட உம்மாக்கிட்ட, எனக்குச் சொல்ல ஏலா. நீங்க செய்யல்லெண்டா, ஜெஸீமா டீச்சரே செய்யல்ல எண்டு நான் சொல்லிருவன். டீச்சருக்கு மேல எங்கட மாமி ஒண்டும் கதைக்கமாட்டா.”

எனக்கு ஏனோ கோபம் தலைக்கேறியது. நாலு வருஷம் படிப்பித்தும் வாய் வராத இவள், தன் பிள்ளைக்காகப் பேச என் பெயரை இரவல் கேட்கிறாள்.

“என்னைக் கேக்கிற? நான் என்ன புள்ள பெத்தவளா? உன்ட புள்ள, உன்ட வாய். போய்க் கதை.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவள் குழந்தையின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

காலையில் கிணற்றடியில் வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டினோம். றினோஸா காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள், நான் வெந்நீர் ஊற்றினேன். பேச வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. வாயில் வந்துவிட்டது.

“உனக்கு முபீஸோட இரிக்கக்குள்ள நோவுதா?”

அவள் கை நின்றது. வெட்கப்படுவாள், அதட்டுவாள் என்று பார்த்தேன். தலையைத் தூக்கி என்னைச் சாதாரணமாகப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் நோவுறதானே ராத்தா?”

“இல்ல.”

“உங்களுக்கு யாரு சொன்ன?”

“ஒருத்தி சொன்னா. போன்ல.”

குழந்தை தண்ணீரில் காலை அடித்தது. றினோஸா அதன் வயிற்றில் கை வைத்துப் பிடித்துக்கொண்டாள். தான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பதாகவும், முபீஸ் கட்டாருக்குத் திரும்பும் நாளில் அழுதது பாதி நிம்மதியில் என்றும், இதைத்தான் கல்யாணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என நினைத்திருந்ததாகவும் சொன்னாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு என்னைக் கேட்டாள்.

“ராத்தா, ஜவாஹிர் மச்சான விட்டது இதுக்கா?”

தண்ணீர் ஆறுகிறது, பிள்ளையைத் துவட்டு என்றேன். துவட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்றேன். இதுவரை எவரிடமும் சொல்லாதது, எழுதாததும்கூட. எழுதிவிட்டேன், போதும்.

ஹூரியாவுக்குச் செய்ய வேண்டாம் என்று றினோஸாவே சொன்னாள். சொன்ன கையோடு அழத் தொடங்கினாள். சனிக்கிழமை எல்லோரும் வருவார்களே, மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது, முபீஸுக்கு என்ன சொல்வது என்று. பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எப்படி என்று எனக்கும் தெரியாது.

ஜூலை 5, சனி

எழுதக் கை துறுதுறுக்கிறது.

வீடு கொள்ளாத பெண்கள். அத்தர் வாசம், பலகாரத் தட்டு, ஒருத்தியின் நகையை ஒருத்தி எடை போடும் பார்வை. ஆசியத்தும்மா தோல் பையோடு வந்தாள். பையிலிருந்து முதலில் வெளியே எடுத்தது பிளேட்டை அல்ல, லேமினேட் பண்ணிய சான்றிதழை. முபீஸின் உம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அறைக்குள் நாலே பேர். ஆசியத்தும்மா, றினோஸா, குழந்தை, நான். கதவைத் தாழ் போட்டேன்.

“மாமி, இந்தப் புள்ளைக்குச் செய்யிறல்ல.”

அவள் பதறவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கும் நான்தான் செய்த, இவளுக்கும் நான்தான் செய்த. அப்ப யாரும் வேணாமெண்டு சொல்லல்லியே மகள்.”

“எனக்கு அப்ப நாப்பது நாள் மாமி. என்னத்தச் சொல்லுற?”

எழுந்து கத்துவாள், வெளியே போய்ச் சொல்வாள் என்று நான் வாதத்துக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். மனுஷி குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்:

“சரி. புள்ளைய ஒருக்கா அழ வைங்க. வெளியில கேட்டாக் காணும். நான் தொடல்ல எண்டு நானும் சொல்லமாட்டன், நீங்களும் சொல்லாதீங்க. இப்பிடி இன்னும் ரெண்டு வீட்டுல கேட்டவங்க, செய்து குடுத்தன். கேட்டா நான் என்னத்துக்கு மறுக்கிற?”

றினோஸா என்னைப் பார்த்தாள். நான்தான் கிள்ளினேன், தொடையில். வீடே கிடுகிடுக்க அழுதாள் ஹூரியா. வெளியே குரவை போட்டார்கள். ஆசியத்தும்மா அரிசியும் தேங்காயும் சேலையும் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டு, துஆக் கேட்டுப் போனாள். முபீஸின் உம்மா என் கையைப் பிடித்து, மூத்தவளாய் நின்று கடமையை முடித்தாய் மகள் என்று கண் கலங்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிப் போய் அடுப்படியில் நின்று சிரித்தேன்.

இந்த ஊரைத் திருத்த மேடையும் பேனரும் எதற்கு? ஒரு கிள்ளுப் போதும். முட்டாள்கள்! அத்தனை பேரும் முட்டாள்கள்!

ஜூலை 6, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். குழந்தையின் தொடையில் சிவப்பு கூட இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

தர்மினிக்குச் சொன்னேன். தோழியின் தங்கை பிள்ளையைக் காப்பாற்றியாயிற்று, அதுவும் இப்படி ஒரு தந்திரத்தால் என்று. உன் நிறுவனம் ஐந்து வருஷம் கூட்டம் போட்டாலும் முடியாததைக் கால் நிமிஷத்தில் முடித்தாள் என் தோழி என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். உண்மையான சந்தோஷம், குரலில் தெரிந்தது. பிறகு கேட்டாள்:

“இப்ப வெளிய எல்லாரும் என்ன நெனச்சிட்டு இருக்காங்க டீச்சர்?”

“நடந்ததெண்டு நினைக்கிறாங்க. நினைச்சிட்டுப் போகட்டும்.”

“ம்.”

ஒரு ‘ம்’ மட்டும். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த ‘ம்’. உனக்கு எங்கள் ஊரைத் தெரியாது என்று சொல்லி வைத்தேன். வைத்தியரிடம் போகும் விஷயத்தைக் கேட்கத்தான் எடுத்தேன். கேட்கவில்லை. அடுத்த முறை பார்க்கலாம்.

ஜூலை 12, சனி

நேற்று முழுக்கத் தவணைப் பரீட்சைத் தாள் திருத்தினேன். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருக்கிறான், பிழை கூட ஒரே பிழை. போனைப் பார்க்கவில்லை. இன்று காலை தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தபோது றிப்காவின் குரல் பதிவு ஒன்று, நேற்றுப் பின்னேரம் வந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நாளைக்கு எங்கட மகளுக்கும் நாப்பது. நான் வேணாமெண்டுதான் டீச்சர் நிண்ட. நீங்க சொன்ன மாதிரி வாய் துறந்து மாமிக்கிட்ட கதைச்சன். ஜெஸீமா டீச்சர் வீட்டுலயே நடந்தது, நீ என்ன டீச்சர விடப் படிச்சவளா எண்டு மாமி கேட்டாங்க. அதுக்கு மறுகா எனக்குச் சொல்ல ஒண்டும் இல்ல. நீங்களும் காரணம் இல்லாமச் செய்யமாட்டீங்கதானே. காலையில வாங்க டீச்சர், நீங்க பக்கத்துல நிண்டா எனக்குத் தைரியம்.”

கையில் இருந்த கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வீட்டுச் சட்டைக்கு மேல் பர்தாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். முச்சக்கரவண்டிக்காரன் ஒருவனும் இல்லை. பள்ளிவாசல் ஒழுங்கை முடிவில் றிப்காவின் வீடு. கேட்டடியில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே கால் வைக்கவும் குழந்தை அழவும் சரியாக இருந்தது. குரவை போட்டார்கள்.

கிள்ளிய அழுகையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அல்லாஹ்வே, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நின்ற இடத்திலேயே நின்றேன். அறைக் கதவு திறந்து ஆசியத்தும்மா வந்தாள். என்னைக் கண்டதும் சொந்தக்காரியைப் போலச் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தேன்.

“மாமி, இஞ்சயும் கிள்ளினதானே?”

“இஞ்ச யாரும் கேக்கல்லியே மகள்.”

அவள் குரலில் களவு இல்லை, பழியும் இல்லை. கேட்டால் செய்யாமல் விடுவாள், கேட்காவிட்டால் செய்வாள். அவளுக்கு அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளாக நான் முட்டாள் என்று எழுதி வைத்திருக்கிற எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் முதல் ஆளாக நிற்க வேண்டியவள் நான்தான். பெரோஸா மேடமாவது வெறும் கடதாசிச் சான்றிதழ் கொடுத்தார். நான் என் வீட்டையே சான்றிதழாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டின் சாலைக் கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். டீச்சர் வந்திட்டா என்று யாரோ எனக்குக் கதிரை போட்டார்கள். நான் உட்காரவில்லை.

“எங்கட வீட்டுல செய்யல்ல,” என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது. “எங்கட ஹூரியாவுக்குச் சுன்னத்துச் செய்யல்ல. நான் கிள்ளித்தான் அழ வெச்ச. உங்க எல்லாருக்கும் பொய் சொன்ன. எனக்குச் செய்ததால எனக்கு இண்டைக்கு வரைக்கும் நோவு. புருஷனோட வாழ ஏலாமப் போனதும் அதாலதான். இனி ஒருத்தரும் என்ட வீட்டக் காட்டி ஒரு புள்ளைக்கும் செய்யாதீங்க.”

பலகாரத் தட்டோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். றிப்காவின் மாமியார், என்ன வெட்கங்கெட்ட பேச்சு இது, ஆம்பிளைகள் முற்றத்தில் இருக்கிறார்கள் என்றார். ஒருத்தி எழுந்து வெளியே போனாள். முபீஸின் உம்மாவும் அங்கேதான் இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அறைக்குள் போனேன். றிப்கா கட்டிலில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கூடத்தில் சொன்னதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. குழந்தை விக்கி விக்கி அழுதது. ஹூரியா நான் கிள்ளியதற்கு அழுது அடுத்த நிமிஷமே அடங்கியவள். இது அடங்கவில்லை. இரத்தம் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன். தர்மினியின் இலக்கத்தைச் சொன்னேன், நான் பேசுகிற இலக்கம் இது, எனக்காகத்தான் பேசுகிறேன் என்றேன். என்னென்னவோ சொன்னேன். பிள்ளையைக் கொடு, நான் கொஞ்சம் வைத்திருக்கிறேன் என்று கையை நீட்டினேன்.

றிப்கா தலையைத் தூக்கினாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் விளங்காத பாடத்தைக் கேட்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

“டீச்சர், நான் அண்டைக்கு வாசல்ல வந்து கேட்டன்தானே?”

குழந்தையை என்னிடம் தரவில்லை.